கார்டுக்குள் இருக்கும் காந்தாரம்

கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களின் கூட்டு. கிட்டாரில் இ மேஜர் கார்டைப் பிடித்துக்கொண்டு, ஆறு கம்பிகளையும் தடித்ததில் தொடங்கி ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். ஸ, ப, ஸ, க, ப, ஸ என்று வரும். மூன்று ஷட்ஜம், இரண்டு பஞ்சமம், ஒரே ஒரு காந்தாரம். அந்தக் காந்தாரம் 3ஆம் கம்பியில் (கம்பிகளை மெல்லியதிலிருந்து எண்ணுவார்கள்), முதல் பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டு), உங்கள் ஆள்காட்டி விரலுக்கு அடியில் இருக்கிறது. இப்போது அந்த ஒரு விரலை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மீட்டுங்கள். மற்ற ஐந்து கம்பிகளிலும் எதுவும் மாறவில்லை. ஆனால் அறைக்குள் வெளிச்சம் குறைந்த மாதிரி ஒலி கனத்துவிடும். இது இ மைனர்.

நடந்தது என்னவென்றால், அந்தர காந்தாரம் அரைப்படி இறங்கி சாதாரண காந்தாரமாகிவிட்டது. க3 இருந்த இடத்தில் க2. சங்கராபரணத்தில் காந்தாரத்தை மட்டும் மாற்றினால் கௌரிமனோகரி வருகிறதே, அதே மாற்றம்தான் இங்கே ஒரு விரல் தூக்கலில் நடக்கிறது. எனக்குக் கிட்டார் பிடிபடத் தொடங்கியது இந்த இடத்தில்தான். ஓரளவு ஸ்வர ஞானம் உள்ள எவரும் இங்கிருந்தே தொடங்கலாம் என்று உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சிறுவயதில் ஸ்ரீரங்கத்தில் சில வருடங்கள் வீணை கற்றுக்கொண்டேன். அப்புறம் படிப்பு, வேலை, குடும்பம் என்று அது நின்றுபோனது. நாற்பது வயதைத் தாண்டியபின் கிட்டாரைக் கையில் எடுத்தேன். எனக்குச் சொல்லித்தருபவர் திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் இளைஞர். வயதில் என்னைவிட மிகவும் சின்னவர். நான் அவரை மாஸ்டர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

கிட்டார் பாடம் என்றாலே கட்டம் போட்டுப் புள்ளி வைத்த படங்கள்தான். எந்தக் கம்பியில், எந்த பிரெட்டில், எந்த விரல் என்று அந்தப் படம் காட்டும். விரலுக்கு அது தேவை, அதைக் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் படத்தில் இருப்பது விரல் நிற்கும் இடம் மட்டும்தான். அந்த இடத்தில் எந்த ஸ்வரம் பிறக்கிறது என்பது அதில் இருக்காது. மனப்பாடமாக இருபது வடிவங்கள் கற்றுக்கொண்ட ஒருவருக்கு இருபது தனித்தனி விஷயங்களை ஞாபகம் வைக்க வேண்டியிருக்கிறது. ஸ்வரமாகக் கேட்பவருக்கு விஷயம் இரண்டுதான்: ஸ-க-ப என்ற மூன்று ஸ்வரம், அதில் காந்தாரம் பெரியதா சின்னதா என்ற கேள்வி. தொடக்கத்தில் கற்கும் மேஜர், மைனர் கார்டுகள் எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

வீணை வாசித்தவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. வீணையில் மெழுகில் பதித்த 24 மெட்டுகள், ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயி. கிட்டாரிலும் ஒரு ஸ்தாயிக்கு 12 பிரெட்தான். 12ஆவது பிரெட் கம்பியின் நீளத்தில் சரிபாதியில் விழும். ஆக, விரல் பலகையின் கணக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு. கார்டு என்பதுதான் புதிது என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதுகூட முழுக்கப் புதிதில்லை. வீணையின் பக்கத்தில் ஓடும் மூன்று தாளத் தந்திகளும் ஸ, ப, மேல் ஸ என்றே சுருதி சேர்க்கப்படுகின்றன. வாசிப்புத் தந்தியில் அந்தர காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு தாளத் தந்திகளைச் சுண்டினால் அந்த நொடியில் ஒலிப்பது ஒரு மேஜர் கார்டு. நாம் அதைத் தாளமாகக் கேட்டுப் பழகியதால் கார்டாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, விரல் வலிக்கு வருகிறேன். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், அந்தக் கேள்விக்கு நல்ல காரணமும் இருக்கிறது. அக்குஸ்டிக் கிட்டாரில் பொதுவாகப் போடும் ‘லைட்’ வகை ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து கிட்டாரின் கழுத்தை ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அவ்வளவு விறைப்பான கம்பியை விரல் நுனியால் அழுத்துகிறோம். வலிக்கத்தான் செய்யும். சில வாரங்களில் நுனி காய்த்துப்போய் வலி அடங்கிவிடும். ஆனால் அதற்குமேலும் வலித்தால் குறை விரலில் இருக்காது, பெரும்பாலும் கிட்டாரில்தான் இருக்கும். இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். எத்தனையோ பேர் தங்களுக்குச் சங்கீதம் வராது என்று முடிவுகட்டி கிட்டாரைப் பரணில் போடுவது, சரிசெய்யப்படாத கருவியால்தான்.

பார்க்க வேண்டியது கம்பியின் உயரம். 12ஆவது பிரெட்டில், பிரெட்டின் உச்சிக்கும் 6ஆம் கம்பியின் அடிக்கும் உள்ள இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் கை தாங்கும். நான்கு மில்லிமீட்டர் இருந்தால் பழகிய கைக்கே சிரமம். கீழே, கிட்டாரின் உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜில், கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டையை அடிப்பக்கம் தேய்த்து இந்த உயரத்தைக் குறைப்பார்கள். மேலே, தலைப்பக்கம் கம்பிகள் புகுந்து வரும் நட் என்ற பட்டையும் உயரமாக இருக்கலாம். அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. முதல் பிரெட்டில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்துப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை மாட்டிவிட்டு அதே கார்டுகளைப் பிடித்துப் பாருங்கள். திடீரென்று சுலபமாகிவிட்டால் நட்டின் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படவில்லை என்று அர்த்தம். கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் சரிசெய்து தருவார். அதோடு, 1ஆம் கம்பி 0.010 அங்குலம் இருக்கிற ‘எக்ஸ்ட்ரா லைட்’ செட்டைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். ஒலி கொஞ்சம் மெலிதாகும், ஆனால் விரல் பிழைக்கும்.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் இன்னும் மென்மை. ஆனால் அதன் கழுத்து அகலம். நட் பக்கத்தில் சுமார் 52 மில்லிமீட்டர். ஸ்டீல் கம்பிக் கிட்டார்களில் சுமார் 43. சின்னக் கை உள்ளவர்கள் இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

கருவியைச் சரிசெய்தபின் மிச்சமிருப்பது அழுத்தும் இடம். பிரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டியே விரலை வைத்தால் பாதி பலம் போதும். இரண்டு பிரெட்டுக்கும் நடுவில் வைத்தால் கூடுதலாக அழுத்த வேண்டும், கம்பியும் பிரெட்டில் உரசி இரையும். வீணையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும்தான் வேலை செய்யும். இங்கே மோதிர விரலும் சுண்டு விரலும் தனித்தனியாக நிற்கப் பழக வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது, தினமும் கொஞ்ச நேரம் உட்காருவதுதான். வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் கம்பிகளைத் துடைத்துவிடுங்கள். நம் ஊர் வியர்வைக்கும் கடலோர ஊர்களின் உப்புக் காற்றுக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். சித்திரை வெயிலில் காருக்குள் கிட்டாரை விட்டுப்போகவே கூடாது. சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் எழும்பிக்கொள்ளும்.

இனி கார்டு மாற்றம். தனித்தனியாக இரண்டு கார்டுகள் சுத்தமாக வந்துவிடும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பாட்டு நின்றுவிடும். தொடக்கத்தில் எல்லாருக்கும் பெரிய தடை இதுதான். மாஸ்டர் இதற்குச் சொன்னது ஒரே வாக்கியம்: “அக்கா, இடது கை தப்பினாலும் பரவாயில்லை, வலது கை நிக்கக் கூடாது.” வலது கை தாளத்துக்குக் கீழே மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். இடது கை அடுத்த கார்டுக்குப் போகும் வழியில் திறந்த கம்பிகள் ஒலித்தால் ஒலிக்கட்டும். கேட்பவர் காது தாளத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். நான்கு நான்காக வரும் பாட்டுக்குச் சதுஸ்ரம், மூன்று மூன்றாக வரும் பாட்டுக்குத் திஸ்ரம் என்று வாயில் சொல்லிக்கொண்டே மீட்டினேன். தகதிமி, தகிட என்று நம்மிடம் இருக்கும் சொற்கட்டுகள் இதற்கு அருமையாகப் பொருந்துகின்றன. கீழ் மீட்டல் ‘த’, மேல் மீட்டல் ‘க’, மறுபடி கீழே ‘தி’, மேலே ‘மி’. ஸ்ட்ரம்மிங் என்று தனியாக ஒன்றைப் படிக்கிற உணர்வே வராது.

இணையத்தில் இலவசமாகக் கிட்டார் சொல்லித்தரும் ஆஸ்திரேலியர் ஜஸ்டின் சாண்டர்கோவின் பயிற்சி ஒன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. இரண்டே கார்டுகளை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணுவது. 60 என்பது இலக்கு. நல்ல பயிற்சி. ஆனால் எந்த இரண்டு கார்டுகளை எடுப்பது என்பதில் காதுக்கும் பங்கு உண்டு என்று சொல்வேன். ஏ மைனரையும் சி-யையும் எடுத்துக்கொள்ளுங்கள். சி-யை ஷட்ஜமாக வைத்தால் சி கார்டு ஸ-க-ப. ஏ மைனர் த-ஸ-க. ஷட்ஜமும் காந்தாரமும் இரண்டுக்கும் பொது. அதனால் இரண்டு விரல்கள் நகரவே வேண்டாம். 2ஆம் கம்பியில் ஆள்காட்டி விரலும் 4ஆம் கம்பியில் நடு விரலும் அப்படியே இருக்கும். மோதிர விரல் மட்டும் 3ஆம் கம்பியை விட்டு 5ஆம் கம்பியின் மூன்றாவது பிரெட்டுக்குப் போகிறது. அது விட்டுப்போன கம்பியில் தைவதம் இருந்தது. இப்போது திறந்த கம்பியாகப் பஞ்சமம் ஒலிக்கிறது. விரல் நகர்வதும் ஸ்வரம் மாறுவதும் ஒன்றே என்று புரிந்தபின் அந்த மாற்றம் கையில் தங்கிவிடுகிறது.

ஜி-யும் இ மைனரும் இதே உறவுதான். ஜி ஷட்ஜமானால் ஜி கார்டு ஸ-க-ப, இ மைனர் த-ஸ-க. கூடவே சி-யும் டி-யும் சேர்ந்தால் ம-த-ஸ, ப-நி-ரி. இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த மாலையை நான் மறக்க மாட்டேன். ஸகப, மதஸ, பநிரி என்ற மூன்று கார்டுகளுக்குள் சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் வந்துவிடுகின்றன, ஒன்றுகூட மிச்சமில்லை. மூன்றே கார்டுகளில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வாசிக்கலாம் என்று கிட்டார் ஆசிரியர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பாட்டு அந்த ஏழு ஸ்வரங்களில் எதைத் தொட்டாலும், அதைத் தன்னுள் வைத்திருக்கும் ஒரு கார்டு அந்த மூன்றில் இருக்கும். காரணம் அதுதான்.

தமிழர்களின் காதுக்குக் கார்டு அந்நியமான ஒலியும் அல்ல. ஐம்பது வருடங்களுக்கு மேலாகத் திரைப்பாட்டில் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். மயிலாப்பூரில் இருந்த தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்று, கிட்டார் கலைஞராகவும் வாசித்து, அப்புறம் 1976இல் இசையமைப்பாளராக வந்தவர் இளையராஜா. கிராமத்து மெட்டுக்கு அடியில் கிட்டாரும் பேஸ் கிட்டாரும் நகர்ந்துகொண்டே இருப்பதை நாம் பேருந்திலும் டீக்கடையிலும் கேட்டு வளர்ந்தோம். கேட்கும்போது அதற்குப் பெயர் தெரியாமல் இருந்தது. கார்டு கற்றபின் அதே பாட்டுகளை மறுபடி கேட்டால், பாடகரின் குரல் ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போது அடியில் கார்டு மட்டும் மாறுவதும், அதனாலேயே அந்த ஸ்வரத்துக்கு வேறு அர்த்தம் வருவதும் காதில் தெளிவாக விழும். ஒரே ‘க’ சி கார்டின் மேல் காந்தாரமாக நிற்கிறது, ஏ மைனரின் மேல் அது பஞ்சமமாகிவிடுகிறது. எனக்கு இது பெரிய சந்தோஷம். கிட்டார் கற்காமல் விட்டிருந்தால் இந்தக் கேட்டல் கிடைத்திருக்காது.

கொஞ்சம் சுருதி பற்றிப் பேச வேண்டும். கிட்டாரின் கம்பிகள் தடித்ததிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை சி-யிலிருந்து 1, 2 என்று எண்ணும் நம் கட்டைக் கணக்கில் 3, 6, 2, 5, 7, 3. ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் ஐந்து பிரெட் தூரம், அதாவது ஸ-வுக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள தூரம். ஜி-க்கும் பி-க்கும் நடுவில் மட்டும் நான்கே பிரெட், அதாவது அந்தர காந்தாரம். சுருதியைக் காட்டும் டியூனர் இல்லாத காலத்தில் ஐந்தாவது பிரெட்டை அழுத்தி அடுத்த கம்பியைச் சேர்ப்பார்கள், அந்த ஒரு ஜோடிக்கு மட்டும் நான்காவது பிரெட்.

இந்த ஒரு சின்ன ஒழுங்குமீறல் கார்டுகளில் அழகான வேலை செய்கிறது. இ மேஜரின் விரல் வடிவத்தை அப்படியே மெல்லிய பக்கமாக ஒரு கம்பி தள்ளி வையுங்கள். ஏ மேஜர் வரும் என்றுதானே நினைப்போம்? வருவது ஏ மைனர். விரல் வடிவம் ஒன்றே, ஆனால் காந்தாரத்தைப் பிடித்த விரல் இப்போது பி கம்பிக்கு வந்துவிட்டது. அந்தக் கம்பி, ஐந்து பிரெட் ஒழுங்குப்படி இருக்க வேண்டியதைவிட அரைப்படி கீழே சுருதி சேர்க்கப்பட்டது. அதனால் காந்தாரம் தானாக இறங்கிவிடுகிறது. ஏ மேஜர் வேண்டுமென்றால் அந்த விரலை ஒரு பிரெட் ஏற்ற வேண்டும். மூன்று விரலும் இரண்டாவது பிரெட்டில் வரிசையாக நெருக்கியடித்து நிற்பது அதனால்தான்.

இன்னொன்றும் பார்த்தேன். இ கார்டில் காந்தாரம் 3ஆம் கம்பியில். ஏ கார்டில் 2ஆம் கம்பியில். டி கார்டில் 1ஆம் கம்பியில். மூன்றிலும் ஒரே ஒரு காந்தாரம், அதையும் ஒரு விரல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அதனால் இந்த மூன்றையும் மைனராக்குவது சுலபம், அந்த ஒரு காந்தாரத்தை ஒரு பிரெட் இறக்கினால் போதும். சி-யிலும் ஜி-யிலும் அப்படி இல்லை. சி கார்டில் இரண்டு காந்தாரம், அதில் ஒன்று அழுத்தாமல் திறந்தே ஒலிக்கும் 1ஆம் கம்பி. ஜி-யிலும் ஒன்று திறந்த 2ஆம் கம்பி. திறந்த கம்பியை அதற்குக் கீழே இறக்க முடியாதே. அதனால்தான் தொடக்கப் பாடங்களில் இ மைனர், ஏ மைனர், டி மைனர் இருக்கும். சி மைனரும் ஜி மைனரும் இருக்காது. அவை ஏன் பின்னால் தள்ளிப்போகின்றன என்று மாஸ்டரிடம் கேட்டு, இருவரும் கம்பி கம்பியாக ஸ்வரம் எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்தோம். அவரும் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை என்றார். அதற்குப்பின் அவரது சின்ன மாணவர்களுக்கும் காந்தாரம் எந்தக் கம்பியில் என்று காட்டித்தான் தொடங்குகிறார்.

தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்குக் கிட்டாரில் ஒரு நெருடல் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாகக் கேட்கும். ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். மந்தர ஷட்ஜத் தந்தியின் அதிர்வைப்போல் ஐந்து மடங்கு அதிர்வு அது. ஸ, ப, அதன்மேல் இந்தக் காந்தாரம். யோசித்துப் பாருங்கள், தம்புராவே ஒரு மேஜர் கார்டைத் தனக்குள் வைத்திருக்கிறது. ஆனால் கிட்டாரின் பிரெட்டுகள் ஒரு ஸ்தாயியை 12 சமபங்காகப் பிரித்து வைக்கப்பட்டவை. அந்தக் கணக்கில் காந்தாரம் ஸ்வயம்பு காந்தாரத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். ஒரு பிரெட் தூரத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கு. சாதாரணமாகத் தெரியாது. கூர்ந்து கேட்பவருக்கு இ கார்டில் 3ஆம் கம்பி சற்றுக் கூர்மையாக, ஓரமாக உரசும்.

உடனே கை சுருதியைத் திருத்தப் போகும். 3ஆம் கம்பியைத் துளி இறக்கினால் இ கார்டு தம்புரா மாதிரி தேனாக இழையும். ஆனால் அடுத்து ஏ மைனருக்கோ டி-க்கோ போனால் அதே கம்பி இப்போது ஷட்ஜமாகவோ பஞ்சமமாகவோ நிற்கிறது, அது இறங்கியிருப்பதைக் காது ஒருபோதும் மன்னிக்காது. எல்லாக் கார்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றால் எல்லா அந்தர காந்தாரமும் கொஞ்சம் கூர்மையாக இருப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கிட்டார் சமபங்கை ஏற்றது அதற்காகத்தான். ஆகவே டியூனர் காட்டுகிறபடி வைத்துவிடுவது நல்லது. கிட்டாரின் தலைப்பக்கத்தில் மாட்டும் சின்ன டியூனரோ போனில் ஒரு செயலியோ போதும். வாசிக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். சுருதி சேராத கிட்டாரில் பயிற்சி செய்வது காதைக் கெடுக்கும்.

பாடுகிறவர்களுக்குக் கேப்போ ஒரு வரப்பிரசாதம். கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே பிரெட்டில் இறுக்கிப் பிடிக்கும் அந்தக் கவ்விதான். ஒரு பிரெட்டுக்கு அரைக் கட்டை என்று ஞாபகம் வைத்தால் வேறு எந்த அட்டவணையும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கட்டைக் கணக்கில் 3-க்கும் 4-க்கும் நடுவிலும் 7-க்கும் மேல் 1-க்கும் நடுவிலும் அரை கிடையாது, ஹார்மோனியத்தில் அங்கே கறுப்புக் கட்டை இல்லை அல்லவா, அதை மட்டும் கவனிக்க வேண்டும். சி வடிவங்களில் வாசித்தால் ஒரு கட்டை, முதல் பிரெட்டில் கேப்போ போட்டால் ஒன்றரை, மூன்றாவதில் இரண்டரை. ஜி வடிவங்களில் வாசித்தால் ஐந்து, முதல் பிரெட்டில் ஐந்தரை, இரண்டாவதில் ஆறு. ஆண்கள் பலர் பாடுவது ஒன்று, ஒன்றரையில். பெண்கள் பலர் ஐந்து, ஐந்தரையில். ஆக, சி குடும்பமும் ஜி குடும்பமும் ஒரு கேப்போவும் இருந்தால் வீட்டில் யார் பாடினாலும் கூடவே வாசிக்க முடியும். நான் பாடுவது ஐந்தரையில். அதனால் ஜி, சி, டி, இ மைனர் நான்கையும்தான் முதலில் கெட்டிப்படுத்தினேன்.

ராகங்களுக்கு அடியில் கார்டு வைத்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். மோகனத்தில் தொடங்குங்கள். ஸ-ரி-க-ப-த என்ற ஐந்துக்குள் ஸகப என்ற மேஜரும் தஸக என்ற மைனரும் இருக்கின்றன. சி ஷட்ஜமென்றால் சி-யும் ஏ மைனரும், அதாவது ஒரே விரல் நகரும் அந்த ஜோடி. ஹம்ஸத்வனி இன்னும் தாராளம்: ஸகப, கபநி, பநிரி. சி, இ மைனர், ஜி. மூன்றுமே தொடக்கக் கார்டுகள். இவற்றுக்கு அடியில் கார்டு இதமாக உட்கார்ந்துகொள்ளும்.

நாம் சரளி வரிசை படிக்கும் மாயாமாளவகௌளை அப்படியில்லை. ஸகப மேஜர் இருக்கிறது. ஆனால் ரி1-ம-த1 சேர்ந்தால் அது ஷட்ஜத்துக்கு அரைப்படி மேலே இன்னொரு மேஜர். ம-த1-ஸ ஒரு மைனர். சி-யில் வைத்தால் இந்த இரண்டுக்கும் விரலைப் படுக்கப் போட்டுப் பிடிக்கும் பார் கார்டுகள் வேண்டும், தொடக்கத்தில் கை வராது. தோடி போன்ற ராகங்களில் நான் கார்டு வைக்கவே மாட்டேன். அங்கே காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரம் அல்ல, அசைவுதான் அதன் உயிர். அடியில் அசையாத ஒரு காந்தாரத்தைக் கார்டாக வைத்தால் மேலே நடக்கும் கமகம் சுருதி விலகினாற்போல் கேட்கும். அந்த இடத்தில் ஸ-வும் ப-வும் மட்டும் மீட்டி, கிட்டாரைத் தம்புராவாக வைத்துக்கொள்வதே மரியாதை.

எஃப் கார்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் பாதிப் பேர் கிட்டாரை விடுவது அங்கேதான். புத்தகங்களில் இருக்கும் எஃப், ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகள் மேலும் படுக்கவைத்துப் பிடிப்பது. முதல் பிரெட்டில் நட் பக்கத்தில் இருப்பதால் அழுத்தமும் அதிகம் வேண்டும். சி சுருதியில் அது ம-த-ஸ, அதை விட்டுவிட்டால் மூன்று கார்டுக் கணக்கு உடைந்துபோகும். ஆனால் அதே ம-த-ஸ-வை நான்கே கம்பிகளில் பிடிக்க முடியும். 4ஆம் கம்பியில் மூன்றாவது பிரெட், 3ஆம் கம்பியில் இரண்டாவது, மெல்லிய கம்பிகள் இரண்டையும் ஆள்காட்டி விரல் ஒன்றாக முதல் பிரெட்டில் அழுத்தும். வருவது ம, த, ஸ, ம. மூன்று ஸ்வரமும் இருக்கிறது, தடித்த இரண்டு கம்பிகளை மீட்டாமல் விட்டால் போதும். சின்ன எஃப் என்று மாஸ்டர் சொல்வார். பெரிய எஃப்பை எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். வடிவம் சின்னதோ பெரிதோ, காதுக்குத் தேவை அந்த மூன்று ஸ்வரம்தான்.

இப்போதைக்கு நான் சின்ன எஃப்பில் இருக்கிறேன். சி, எஃப், ஜி மூன்றும் தடையில்லாமல் மாறத் தொடங்கிவிட்டன. என் கணவர் பாடுவது ஒன்றரைக் கட்டையில். முதல் பிரெட்டில் கேப்போவை மாட்டிவிட்டால் அவருடைய பழைய பாட்டுகள் பாதிக்கு இந்த மூன்றே போதுமாக இருக்கிறது. மீதிக்கு ஏ மைனரும் டி மைனரும் எங்கே நுழைகின்றன என்று சாயங்காலங்களில் இருவருமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.